புறவாசலில் ஆர்கான் வெல்டிங்

களக்காட்டில் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, டிராக்டர் டிரெய்லர் என்று கரண்டு வெல்டிங்குக்கு ஆண்டு முழுக்க வேலை இருக்கிறது. மாடிப்படிக்கு எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர், கைப்பிடி வைப்பது வழக்கமானதும் ஆர்கான் வெல்டிங்கும் கூடவே வந்து சேர்ந்தது. புத்தகத்தில் டிக் வெல்டிங் என்று போட்டிருப்பதும் பட்டறையில் ஆர்கான் என்று சொல்வதும் ஒரே வேலைதான். அதை வீட்டுப் புறவாசலில், ஓய்ந்த நேரத்தில், தானாகவே கற்க நினைப்பவருக்கு இந்த அத்தியாயம். பட்டறையில் எடுபிடியாக நின்ற பழக்கம் உள்ளவருக்குப் பாதிப் பேச்சு தெரிந்ததாகவே இருக்கும். வாழைத் தோட்ட வேலைக்கு நடுவே புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு வரி விடாமல் படிக்கவும்.

கரண்டு வெல்டிங்கில் ராடே உருகி இணைப்பில் சேர்ந்துவிடும். ராடைச் சுற்றியுள்ள பூச்சு புகையாகவும் கசடாகவும் மாறி உருகிய இரும்பைக் காக்கும். டிக் வெல்டிங்கில் டார்ச்சின் நுனியில் இருக்கும் டங்ஸ்டன் கம்பி உருகாது. டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,538 டிகிரியே போதும். டங்ஸ்டன் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவே எழும் ஆர்க் தகட்டை உருக்குகிறது. பீங்கான் நாசில் வழியே வரும் ஆர்கான் அதன் மேல் குடையாக நிற்கிறது. நிரப்ப வேண்டிய உலோகத்தை, அதாவது ஃபில்லர் ராடை, இடது கை தனியாகக் கொடுக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ரப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மக்னீசியத்தை ஒட்டுவதற்காக இந்த முறைக்கு உருக்கொடுத்தார். அவர் பயன்படுத்தியது ஹீலியம். இந்தியாவில் நமக்குக் கட்டுப்படியாவது ஆர்கான்தான்.

பூச்சு இல்லை, கசடு இல்லை என்பது இந்த முறையின் அழகு. தொல்லையும் அதுவேதான். துரு, எண்ணெய், பெயிண்ட், ஈரம் எதையும் மன்னிக்க இங்கே ஆள் இல்லை. அதனால் ஆர்கான் வேலையில் முக்கால் பங்கு ஆர்க் பற்றவைக்கும் முன்பே முடிந்துவிடுகிறது என்பேன். மீதிக் கால் பங்குக்காகத்தான் எல்லோரும் மெஷின் வாங்குகிறார்கள், அதனால்தான் பல மெஷின்கள் சாக்கு போர்த்தி மூலையில் கிடக்கின்றன.

இடம்

காற்றிலிருந்து தொடங்குவோம். ஆனி பிறந்தால் மலையிறங்கி வரும் மேல்காற்றைப் பற்றிக் களக்காட்டுக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க ஓடும் காலம் அது. ஆர்கான் குடையைக் கலைக்க அத்தனை பெரிய காற்று தேவையே இல்லை. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இளங்காற்று போதும், வெல்டு பொரிந்து சல்லடை ஆகிவிடும். மின்விசிறியும் அப்படித்தான். வேர்க்கிறதென்று போட்டுக்கொண்டு வெல்டிங் செய்ய உட்கார்ந்தால் கேஸ் வீண், ராடு வீண்.

காற்று கலைக்கிறதென்று ஆர்கானைக் கூட்டி வைப்பது பலரும் செய்வது. அது இன்னும் கெடுக்கும். நாசிலிலிருந்து வேகமாகப் பாயும் கேஸ் சுழித்து, சுற்றியுள்ள காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். காற்றை மறைக்க வேண்டும், கேஸைக் கூட்டக் கூடாது.

மறைக்கிறேன் என்று கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொள்வதும் ஆபத்து. ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது. நிறமில்லை, மணமில்லை. தாழ்ந்த இடத்தில் தேங்கி அங்குள்ள பிராணவாயுவைத் தள்ளிவிடும். மூச்சுத் திணறுகிறது என்று உணரும் முன்பே ஆள் விழுந்துவிடுவார். தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ இறங்கி ஆர்கான் வெல்டிங் செய்வது புதியவருக்கு அறவே கூடாத வேலை. வீட்டில் சிலிண்டரைப் படுக்கையறையில் வைப்பதும் கூடாது.

நம் ஊருக்குப் பொருத்தமான இடம் மாடில்லாத பழைய தொழுவம்தான். மேற்குப் பக்கம் சுவரோ தகரமோ அடைப்பாக இருக்கட்டும். கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும். கூரை ஓட்டுக்கூரையாகவோ தகரமாகவோ இருக்க வேண்டும். ஓலைக் கொட்டகையில் வேண்டவே வேண்டாம். வைக்கோல் படப்பு, காய்ந்த வாழைச் சருகு, தென்னை மட்டை, டீசல் கேன் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். டிக் வெல்டிங்கில் பொறி பறப்பது குறைவுதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் கிரைண்டர் ஓடுகிறதே. வேலை முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே இருந்து பாருங்கள். ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரை மின்சார மெஷின் மேல் ஊற்றக் கூடாது என்பதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்காக ஒரு தகர மறைப்பு அவசியம். தெருவில் போகிறவர் கண்ணிலும் வெளிச்சம் படக் கூடாது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடித்து உங்கள் முகமூடிக்குள் பின்பக்கமாகக் கொண்டுவரும் என்பதையும் கவனியுங்கள்.

கரண்டு

வீட்டு சிங்கிள் பேஸ் இணைப்பில் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழகும் அளவுக்குத் தாராளமாக ஓடும். 80 ஆம்பியரில் டிக் ஆர்க்குக்குச் சுமார் 13 வோல்ட் போதும், ராடு வெல்டிங்கில் அதே ஆம்பியருக்கு 23 வோல்ட் வரை போகும். ஆகவே ஆர்க்குக்குப் போவது ஒரு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் ஒரு மோட்டார் பம்பு இழுக்கும் அளவு.

ஆனால் மிக்சி மாட்டும் பிளக்கில் செருகக் கூடாது. மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி தனியாக இழுத்து, தனி எம்.சி.பி. வைத்து, உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் உண்மையிலேயே எர்த்தா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் காலையில் பழகுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டினால் வயர் உருகும்.

பம்பு செட்டுக்கு வரும் இலவச விவசாய மின்சாரத்தில் மெஷினை மாட்டும் ஆசை வரும். அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு எதற்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினாலும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அபராதக் கணக்கு வரும். வீட்டு இணைப்பில் பழகலாம், கூலிக்கு வேலை எடுக்கத் தொடங்கினால் கட்டண வகையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மெஷின்

விலையை இங்கே அச்சிட்டால் புத்தகம் கடைக்கு வரும் முன்பே பழசாகிவிடும். எதைக் கேட்டு வாங்குவது என்று மட்டும் சொல்கிறேன். தகட்டைத் தொடாமலே ஆர்க் பற்றும் எச்.எஃப். ஸ்டார்ட் இருக்க வேண்டும். ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் ஓடும் நேரத்தையும், ஆம்பியர் படிப்படியாக இறங்கும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பிராண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ரிப்பேருக்கு ஆள் கிட்டத்தில் இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். மெஷினைத் திருநெல்வேலியில் வாங்கிவிட்டு ரிப்பேருக்கு வேறு மாவட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது சலிப்பான வேலை. எச்.எஃப். ஸ்டார்ட் இருக்கும் மெஷின் அருகே இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வரக் கூடாது.

டி.சி. மெஷின் எம்.எஸ். என்ற சாதா இரும்பு, எஸ்.எஸ்., செம்பு ஆகியவற்றுக்கு. அலுமினியத்துக்கு ஏ.சி. வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்த ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அந்தப் படலத்தை உடைப்பது ஏ.சி.யின் வேலை. தொடக்கத்திலேயே ஏ.சி./டி.சி. மெஷினுக்குக் கூடுதல் பணம் போட வேண்டாம். அந்தப் பணத்தை முகமூடியிலும் கேஸிலும் போடுங்கள்.

டி.சி.யில் டார்ச் மைனஸில், எர்த் கிளாம்ப் பிளஸில். மாற்றிப் போட்டால் வெப்பத்தின் பெரும்பங்கு டங்ஸ்டனுக்குப் போய், நுனி பந்தாகத் திரண்டு கொட்டிவிடும். ராடு வெல்டிங் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் செய்யும் தவறு இது.

கேஸ்

பட்டறைகளில் காணும் பெரிய நீலச் சிலிண்டரில் 7 கன மீட்டர் ஆர்கான் இருக்கும், அதாவது 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் ஓட்டினால் சுமார் பதினாலரை மணி நேரம் ஆர்க் எரியும். கேட்கும்போது நிறைய என்று தோன்றும். மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் ராத்திரி வால்வைத் திறந்து போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் மீட்டர் பூச்சியத்தில் நிற்கும்.

தூய்மை 99.99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. டீலரிடம் 'ஆர்கான்' என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மிக் வெல்டிங்குக்கான கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸைக் கொடுத்துவிடுவார்கள். அதில் டங்ஸ்டன் நொடியில் கருகும். டிக்குக்கு என்று அழுத்திச் சொல்லுங்கள்.

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி 40 கி.மீ.க்கு மேல். சிலிண்டரை பைக்கில் குறுக்கே படுக்க வைத்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். நிரம்பிய சிலிண்டருக்குள் ஏறக்குறைய 150 பார் அழுத்தம் இருக்கிறது. வால்வு உடைந்தால் சிலிண்டர் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். வால்வு மூடியை மாட்டி, லோடு ஆட்டோவில் நிறுத்திக் கட்டிக் கொண்டுவாருங்கள். வீட்டிலும் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டி வையுங்கள். சிலிண்டரின் கழுத்தில் கடைசியாகச் சோதித்த தேதி பொறித்திருக்கும். காலம் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பிக் கொடுப்பது உங்கள் உரிமை.

டங்ஸ்டன்

கடையில் சிவப்பு, நீலம், சாம்பல், தங்க நிற முனையோடு டங்ஸ்டன் கம்பிகள் இருக்கும். நிறம் அதில் கலந்த ஆக்சைடைக் காட்டும். சிவப்பில் 2 சதவீதம் தோரியம், நீலத்தில் 2 சதவீதம் லாந்தனம், சாம்பலில் சீரியம். இந்த மூன்றுமே மோனசைட் என்ற கடல் மணல் கனிமத்தில் கிடைப்பவை. அந்த மோனசைட் 1909-இல் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நமக்குத் தெற்கே உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில், ஷோம்பர்க் என்ற ஜெர்மானியரால். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவரை அங்கே கொண்டுவந்தது.

மூன்றில் தோரியம் கதிரியக்கம் உள்ளது. எரியும்போது பெரிய ஆபத்தில்லை, தீட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் கெடுதல். வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சிவப்பு எதற்கு? நீலமே வாங்குங்கள். 1.6 மி.மீ. கம்பி பழகும் வேலைக்கெல்லாம் போதும்.

தீட்டுவது இப்படி. கம்பியைக் கல்லின் ஓட்டத்துக்கு நேராகப் பிடியுங்கள், கோடுகள் நுனியை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே பிடித்துத் தீட்டினால் வளையம் வளையமாகக் கீறல் விழும், ஆர்க் நிற்காமல் அலையும். கூரின் நீளம் கம்பியின் தடிமனைப் போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு. டங்ஸ்டனுக்கென்று ஒரு கல்லை ஒதுக்கி வையுங்கள், அதில் இரும்பைத் தீட்டக் கூடாது. நாசிலுக்கு வெளியே கம்பி 3 முதல் 5 மி.மீ. நீட்டியிருந்தால் போதும். ஆர்க் எரியும்போது நுனி உருகலைத் தொட்டுவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி தீட்டுங்கள். தொடக்கத்தில் இதற்கே பாதிப் பொழுது போகும். பத்துக் கம்பியையும் முன்னாலேயே தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எரிச்சல் குறையும்.

கண், தோல், மூச்சு

தானாக இருளும் முகமூடி வாங்குங்கள். டிக்கில் குறைந்த ஆம்பியரிலும் சரியாக இருளும் என்று அட்டையில் எழுதியிருக்க வேண்டும். ஷேடு 10-இல் தொடங்கலாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், ஷூ. பாலியஸ்டர் உடம்போடு உருகி ஒட்டும். சாரத்தைக் கட்டிக்கொண்டு செருப்போடு உட்காருவது நம் ஊர் வழக்கம், ஆர்கானில் அது ஆகாது. புகை இல்லாத வெல்டிங் என்பதால் வெளிச்சத்தை மறைக்க எதுவும் இல்லை. திறந்த கழுத்தும் முழங்காலும் ஒரே பகலில் வெந்து தோல் உரியும்.

ஆர்க் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வைத்துக் கட்டு என்று பட்டறைக்குப் பட்டறை வைத்தியம் உண்டு. எதையும் கண்ணில் விட வேண்டாம். காலையில் கண் மருத்துவரிடம் போங்கள், திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மெடிக்கலில் மரக்கச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிப் போடுவது விழியைக் கெடுக்கும்.

எண்ணெய் துடைக்க அசிட்டோன் போதும், துடைத்து உலர்ந்த பிறகே ஆர்க். டப்பாவில் வரும் பிரேக் கிளீனர், டிரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களைத் தொடாதீர்கள். ஆர்க் வெளிச்சம் பட்டால் அவற்றின் ஆவி ஃபாஸ்ஜீனாக மாறும், முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. இந்த ஒரு பத்தியை மட்டும் சுவரில் ஒட்டி வைத்தாலும் நல்லது.

கை பழகுதல்

முதல் வாரம் கேஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். டார்ச்சைக் கையில் பிடித்து, தகட்டில் சாக்பீஸால் போட்ட கோட்டின் மேல் ஒரே உயரத்தில் நகர்த்துங்கள். கையுறை போட்ட சுண்டுவிரல் தகட்டில் ஊன்றியிருக்கட்டும். டங்ஸ்டன் நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி கம்பியின் தடிமன் அளவு, ஒன்றரை இரண்டு மி.மீ. டார்ச் நேர்குத்தாக இல்லாமல், போகும் திசைக்கு எதிராக 15, 20 டிகிரி சாய்ந்திருக்கட்டும். இடது கைக்குத் தனிப் பாடம்: ஒரு மீட்டர் ஃபில்லர் ராடைக் கட்டை விரலாலும் அடுத்த இரு விரல்களாலும் அங்குலம் அங்குலமாக முன்னே தள்ளுவது. இதைத் தார்சாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே பழகலாம், கையுறையோடு. ராடின் பின்முனையை வளைத்துக் கொக்கியாக்கி விடுங்கள். யார் கண்ணிலும் குத்தாது, எந்த முனை சுடும் என்பதும் தெரியும்.

தகடு எது? பெரும்பாலோர் எஸ்.எஸ். பைப்பில் தொடங்க ஆசைப்படுகிறார்கள், காசு அதில்தானே. என் தீர்ப்பு எம்.எஸ். பட்டைக்குத்தான். 3 மி.மீ. பட்டையைப் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கலாம். கறுப்புத் தோலை கிரைண்டரால் இரண்டு பக்கமும் வெள்ளையாகும் வரை எடுங்கள். அந்தத் தோலோடு பற்றவைத்தால் துளை துளையாகப் பொரியும்.

ஆம்பியருக்கு ஒரு கைக்கணக்கு: ஒரு மி.மீ. தடிமனுக்கு 40 ஆம்பியர். 2 மி.மீ. தகட்டுக்கு 70 முதல் 80, 3 மி.மீ. பட்டைக்கு 100-இல் தொடங்கலாம். எஸ்.எஸ்.ஸுக்கு இதில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நாசில் 6-ஆம் நம்பர், கேஸ் நிமிடத்துக்கு 7 லிட்டர் சுற்றளவில். ஆர்க் அணைந்த பின் 10 ஆம்பியருக்கு ஒரு வினாடி வீதம் கேஸ் ஓடட்டும், டார்ச்சை அதுவரை எடுக்காதீர்கள்.

ஆர்க் பற்றியதும் நகர வேண்டாம். தகடு சிவந்து, பின் பளபளவென்று உருகி வட்டமாக நிற்கும். பட்டறைக்கு ஏற்ற பெயர் வேண்டுமானால் குளம் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் எல்லோருக்கும் கண் ஆர்க்கின் மேலேயே போகும். அனுபவப்பட்ட எந்த அண்ணாச்சியைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தீயப் பாக்காத தம்பி, குளத்தப் பாரு." குளத்தின் அகலம் 5, 6 மி.மீ. ஆனதும் மெல்ல நகருங்கள். அகலம் மாறாமல் கோடு போக வேண்டும். விரிந்தால் வேகமாக நகருங்கள், சுருங்கினால் நில்லுங்கள். ஃபில்லர் இல்லாமல் இந்தக் கோடுகளையே பட்டை நிறையப் போடுங்கள். கோடு நேராக, ஒரே அகலத்தில் வரும்வரை இடது கைக்கு வேலை கொடுக்க வேண்டாம். இங்கே அவசரப்பட்டவர்கள் கடைசிவரை டங்ஸ்டனைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஃபில்லர் கொடுக்கும்போது ராடின் நுனி குளத்தின் முன் விளிம்பைத் தொட வேண்டும். ஆர்க்கில் காட்டி உருக்கிச் சொட்ட விடக் கூடாது. உருக்குவது குளத்தின் வேலை. தொட்டு எடு, நகர்த்து, தொட்டு எடு. எடுக்கும்போதும் ராடின் நுனி ஆர்கான் குடைக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே இழுத்தால் நுனி ஆக்சைடு பிடித்து, அடுத்த முறை அந்த அழுக்கையும் குளத்தில் சேர்க்கும். எம்.எஸ்.ஸுக்கு 70-எஸ்-2 அல்லது 70-எஸ்-6 ராடு, 304 எஸ்.எஸ்.ஸுக்கு 308-எல், எஸ்.எஸ்.ஸையும் எம்.எஸ்.ஸையும் சேர்க்க 309-எல். கைப்பிடிக்கு வரும் 202 பைப்புக்கும் 308-எல் போடுவதே வழக்கம்.

இணைப்புகளில் மூலைக்கு மூலை வைக்கும் வெளிமூலை இணைப்பே எளிது. பிறகு ஒன்றன்மேல் ஒன்று, பிறகு டி வடிவம், கடைசியில் முனைக்கு முனை. டி இணைப்பில் ஆர்க் ஒரு தகட்டில் மட்டும் பாய்ந்து மூலை உருகாமல் நிற்பது சகஜம். இரண்டு பக்கமும் உருகி மூலை ஒன்றாகும்வரை ராடைக் கொடுக்காதீர்கள்.

செய்ததை உடைத்துப் பாருங்கள். வைஸில் கடித்து, சுத்தியலால் அடித்து வளையுங்கள். மேலே சில்லறை அடுக்கியதுபோல அழகாக இருக்கும் வெல்டு அடியில் ஒட்டாமலே இருந்திருக்கும். போட்டோவில் நன்றாக வரும் வெல்டு இது, வேலைக்கு ஆகாது.

எஸ்.எஸ்.ஸுக்கு மாறும்போது

எஸ்.எஸ். வெப்பத்தைக் கடத்துவது எம்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்குதான், விரிவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. போட்ட சூடு போட்ட இடத்திலேயே நின்று தகட்டை முறுக்கும். நெருக்கமாக டேக் (சிறு பொட்டு வெல்டு) வையுங்கள், மாறி மாறி வெவ்வேறு இடத்தில் வெல்டு போடுங்கள், அடியில் கனமான செம்புப் பட்டை வைத்துச் சூட்டை இழுக்கச் செய்யுங்கள்.

நிறம் உங்களுக்கு வாத்தியார். வெல்டு வைக்கோல் நிறமாகவோ தங்க நிறமாகவோ வந்தால் நன்று. நீலம், ஊதா பரவாயில்லை. மங்கிய சாம்பலும் கருப்பும் சூடு மிஞ்சியதையோ கேஸ் போதாததையோ சொல்லும். பைப்பின் உட்பக்கத்துக்கும் ஆர்கான் தேவை. அது இல்லாவிட்டால் உள்ளே கருப்பாகப் பொருபொருவென்று பூத்துவிடும். கைப்பிடிக்கு அதைப் பொறுக்கலாம், பால் போகும் குழாய்க்குப் பொறுக்க முடியாது. எம்.எஸ். தேய்த்த கம்பி பிரஷ்ஷால் எஸ்.எஸ்.ஸைத் தேய்த்தால் சில நாளில் துருப் பொட்டு வரும். இரண்டுக்கும் தனித்தனி பிரஷ், தனித்தனி வீல்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலைகள்

வீட்டில் ஆர்கான் இருக்கிறதென்று தெரிந்ததும் தெருவே பாத்திரத்தோடு வரும். ஓட்டை எவர்சில்வர் குடம், கைப்பிடி போன சட்டி. ஒரு மி.மீ.க்கும் குறைந்த அந்தத் தகடு கை பழகியவருக்கே சிரமம். அத்தை, சித்தி மனம் நோகாமல் "இன்னும் பழகலை" என்று சொல்லித் தப்பியுங்கள். பித்தளையும், துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. பைப்பும் துத்தநாகப் புகை விடும், ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். ஜி.ஐ. என்றால் இணைப்பைச் சுற்றி முலாமை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே.

பைக் பெட்ரோல் டேங்க், டீசல் பேரல், பூச்சிமருந்து இருந்த டிரம், கேஸ் சிலிண்டர், குக்கர், அழுத்தத்தில் ஓடும் ஸ்பிரேயர் டேங்க் ஆகியவற்றை யார் கொண்டுவந்தாலும் தொடக் கூடாது. கழுவி வெயிலில் காயவைத்த டேங்க்கும் வெடிக்கும், மடிப்பில் தங்கிய ஆவி போதும்.

அதற்கு மேல்

வீட்டில் கற்பது கைப்பிடி, ஜன்னல், சிறு ரிப்பேர் வரை கொண்டுபோகும். தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம் என்று ஆர்கான் வேலைக்கு மிக உயர்ந்த தரம் கேட்கும் இடங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அங்கெல்லாம் சான்றிதழ் இல்லாமல் டார்ச்சைத் தொட விடமாட்டார்கள். எட்டாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் ஓராண்டு படிக்கலாம், திருநெல்வேலி பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. திருச்சியில் பெல் நிறுவனம் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சியும் தருகிறது. வீட்டில் கை பழகிவிட்டுப் போகிறவர் அங்கே வகுப்பில் முன்னே நிற்பார்.

வளைகுடா வேலைக்குக் கேட்பது 6ஜி சோதனை. பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் நீங்கள்தான் நகர்ந்து வெல்டு போட வேண்டும். எக்ஸ்ரே எடுத்தோ வளைத்தோ பார்ப்பார்கள். தேறிய பிறகும் ஆறு மாதம் அந்த வேலையைத் தொடாமல் இருந்தால் அந்தத் தகுதி காலாவதி.

வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்பவரிடமும் ரசீது தராதவரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.